ஸ்டார்ட்அப் அங்கீகாரம்: வேலூர்ப் பக்கம் யாருக்குக் கிடைக்கும், என்ன பலன்?

ஜனவரி 16 தேசிய ஸ்டார்ட்அப் தினம். 2016-இல் அதே தேதியில்தான் புதுமையான புதுத் தொழில்களுக்கு (ஸ்டார்ட்அப்) உதவும் மத்திய அரசின் ‘ஸ்டார்ட்அப் இந்தியா’ திட்டம் தொடங்கியது. பொங்கல் நேரம் என்பதால் வேலூர்ப் பக்கம் எல்லார் பேச்சும் எருது விடும் விழாவைப் பற்றித்தான் இருக்கும். இந்தத் தினம் வந்து போவதே பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அதைக் கல்லூரிப் பிள்ளைகளுக்கான விழா என்று விட்டுவிடுகிறார்கள். ஆம்பூரிலும் பேர்ணாம்பட்டிலும் சின்ன யூனிட் நடத்துகிறவர்களுக்கும் அதில் இடம் உண்டு என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் வேண்டியது மத்திய அரசின் தொழில் மேம்பாட்டுத் துறை தரும் அங்கீகாரச் சான்றிதழ். ஸ்டார்ட்அப் இந்தியா இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் கிடையாது. பிரைவேட் லிமிடெட், எல்.எல்.பி. (கூட்டாளிகளின் பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டாண்மை), பதிவு செய்த கூட்டாண்மை நிறுவனம் ஆகியவை விண்ணப்பிக்கலாம். நிறுவனம் தொடங்கிப் பொதுவாகப் பத்து ஆண்டுக்குள் இருக்க வேண்டும், விற்றுமுதலுக்கும் உச்சவரம்பு உண்டு. நம் ஊரில் பலர் முதல் படியிலேயே நின்றுவிடுகிறார்கள். ஒருவர் பெயரில் மட்டும் ஜி.எஸ்.டி. எடுத்து நடத்தும் கடைக்கோ பட்டறைக்கோ இந்த அங்கீகாரம் இல்லை. பழைய நிறுவனத்தைப் பிரித்துப் புதுப் பெயரில் காட்டினாலும் செல்லாது.

அடுத்தது ‘புதுமை’ பற்றி எழுத வேண்டிய பகுதி. மனு நிற்பதும் விழுவதும் இங்கேதான். ‘தோல் பொருள்கள் தயாரிப்பு’ என்று ஒரே வரியில் எழுதினால் போதாது. குரோம் ஏற்றிய தோலை ஷேவிங் மெஷினில் சீவும்போது தரையெல்லாம் நீலத் துகள் குவியும், பார்த்திருப்பீர்கள். அதைக் கொட்ட இடம் தேடுவதே தொழிற்சாலைக்குப் பெரும்பாடு. அந்தத் துகளிலிருந்து ஷூவின் உள் அட்டை (இன்சோல்) செய்ய ஒருவர் வழி கண்டுபிடித்தால், இப்போது அது எங்கே போகிறது, தன் முறையில் என்ன மாறுகிறது, அதற்கு யார் காசு கொடுப்பார்கள் என்ற மூன்றையும் எழுத வேண்டும். மாதிரியின் படமோ சின்ன வீடியோவோ சேர்த்தால் இன்னும் நல்லது. இங்கிலீஷ் நடையைப் பற்றிப் பயப்பட வேண்டாம், சொல்லும் விஷயம் தெளிவாக இருந்தால் போதும்.

சரி, சான்றிதழ் கையில் வந்தால் என்ன கிடைக்கும்? காப்புரிமைக் கட்டணத்தில் 80 சதவீதம் குறையும். டிரேட்மார்க்கை ஆன்லைனில் பதிய ஒரு வகுப்புக்கு (பொருள் வகைக்கு) 9,000 ரூபாய்க்குப் பதில் 4,500 ரூபாய்தான். மத்திய அரசு டெண்டரில் முன்வைப்புத் தொகை (இ.எம்.டி.) கட்ட வேண்டாம். முன் அனுபவம் கேட்பதிலும் தளர்வு உண்டு, தரத்தில் மட்டும் தளர்வு இல்லை. மூன்று ஆண்டு வருமான வரி விலக்கு தானாக வராது. அதற்குத் தனியாக விண்ணப்பித்துக் குழுவின் ஒப்புதல் பெற வேண்டும், கூட்டாண்மை நிறுவனத்துக்கு அது இல்லை.

பணம்? சான்றிதழ் வந்தால் கணக்கில் பணம் விழும் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறைய. 2021-இல் 945 கோடி ரூபாயில் வந்த விதை நிதித் திட்டத்திலும் பணம் இன்குபேட்டர் (புதுத் தொழில்களுக்கு இடமும் வழிகாட்டலும் தரும் மையம்) வழியாகத்தான் வந்தது: யோசனையைச் சோதித்துப் பார்க்க 20 லட்சம் வரை மானியம், அதுவும் வேலை நடக்க நடக்கத் தவணையாக. அதனால் இன்குபேட்டரில் முன்கூட்டியே அறிமுகம் வைத்துக்கொள்வது நல்லது. வேலூர் வி.ஐ.டி. பல்கலைக்கழகத்திலேயே ஒன்று இருக்கிறது. மாநில அரசின் ஸ்டார்ட்அப் டி.என். அமைப்பையும் அணுகலாம், அவர்களுடைய டான்சீட் ஆதார நிதிக்கு அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்கலாம்.

குடியாத்தத்தில் இன்னும் இரண்டு தறி போட வேண்டும், ஆம்பூரில் ஒரு தையல் மெஷின் வாங்க வேண்டும் என்பவர்கள் இந்த வழியில் அலைய வேண்டாம். அவர்களுக்கு முத்ரா கடன் இருக்கிறது: அடமானம் இல்லாமல் 10 லட்சம் வரை, அதை ஒழுங்காக அடைத்தவர்களுக்கு 20 லட்சம் வரை. மானியத்தோடு கடன் வேண்டுமானால் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டது, அதனால் ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூருக்கும், மேல்விஷாரத்துக்காரர்கள் ராணிப்பேட்டைக்கும் போக வேண்டும்.