விழுங்கிய சொல் எங்கே போகிறது?

கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் இரவுச் சாப்பாடு. இடியப்பத்தில் சொதியை ஊற்றிக்கொண்டே அப்பா கேட்கிறார்: "ஏ.எல்.லுக்கு பயோதானே?" மகளுக்கு உயர்தரத்தில் உயிரியல் அல்ல, வர்த்தகப் பிரிவில்தான் விருப்பம். "ஓம் அப்பா" என்கிறாள். பேச்சு காலி வீதி நெரிசலுக்குத் தாவிவிடுகிறது.

கருத்துச் சுதந்திரம் என்றதும் பத்திரிகையும் மேடையும் புதுக்கடை நீதிமன்றமும்தான் நினைவுக்கு வரும். இலங்கை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை தரும் பேச்சுரிமையை அரசு மீறினால், ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போடலாம். சாப்பாட்டு மேசைக்கு அந்தச் சட்டம் வராது. ஆனால், பேச்சை விழுங்க நாம் பழகுவதே அங்கேதான். விழுங்கியது உடம்பில் என்ன செய்கிறது என்பதை உளவியலாளர்கள் அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

1993இல் ஜேம்ஸ் குரோஸ், ரொபட் லெவன்சன் இருவரும் தன்னார்வலர்களுக்கு அருவருப்பூட்டும் படத்துண்டுகளைக் காட்டினார்கள். ஒரு பகுதியினரிடம், "பார்ப்பவருக்கு உங்கள் உணர்ச்சி தெரியக்கூடாது" என்று சொல்லி வைத்தார்கள். அவர்களின் முகம் அமைதியானது. அருவருப்பு மட்டும் குறையவில்லை. உடம்பை உசார்ப்படுத்தும் பரிவு நரம்புத் தொகுதி, அடக்காதவர்களில் இருந்ததைவிடக் கூடுதலாக வேலை செய்தது. தோலில் வியர்வைச் சுரப்பு கூடியதில் அது தெரிந்தது.

முகத்தைக் காவல் காப்பதும் மூளைக்கு ஒரு வேலை. அதற்குக் கவனம் செலவாகிறது. உணர்ச்சியை மறைத்தபடி இருந்தவர்களுக்கு அந்த நேரத்தில் சொல்லப்பட்ட விபரங்கள் குறைவாகவே நினைவில் நின்றன என்று 2000இல் ஜேன் ரிச்சர்ட்ஸும் குரோஸும் காட்டினார்கள். "நேற்றுத்தானே சொன்னேன், காதில விழேல்லையா?" என்று வீட்டில் எழும் சண்டைக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மறைப்பவரோடு அது நிற்பதுமில்லை. 2003இல் எமிலி பட்லர் குழுவினர் முன்பின் அறியாத பெண்களைச் சோடியாகப் பேசவைத்தபோது, ஒருத்தி உணர்ச்சியை அடக்கினால் எதிரே இருந்தவளின் இரத்த அழுத்தம் ஏறியது. ஆசிய விழுமியங்களோடு வளர்ந்தவர்களில் அடக்குவதன் சமூகப் பாதிப்பு குறைவு என்று அவர்களே பின்னர் கண்டார்கள். ஆகவே, எல்லா அடக்கமும் கேடு என்று சொல்ல வரவில்லை. மரியாதைக்காக ஒரு சொல்லை நிறுத்துவது வேறு, வாழ்க்கையைத் தீர்மானிக்கும் சொல்லை நிறுத்துவது வேறு.

இனி அதே தொடர்மாடியின் கீழ்த்தளத்துக்கு வருவோம். குடியிருப்பாளர் கூட்டம். பராமரிப்புக் கட்டணத்தை உயர்த்த வேண்டுமாம். "எல்லாருக்கும் சம்மதம்தானே?" யாரும் வாய் திறக்கவில்லை. ஒவ்வொருவரும் மற்றவரின் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். தனக்கு மட்டும்தான் மாற்றுக் கருத்து என்று நினைத்து அத்தனை பேரும் அடங்கிவிடுகிறார்கள்.

உளவியலாளர் சொலமன் ஆஷ் 1950களில் செய்த பரிசோதனை இங்கே நேராகப் பொருந்தும். ஒரு கோட்டின் நீளத்துக்கு எது சமம் என்று மூன்று கோடுகளில் தெரிவு செய்ய வேண்டும். விடை வெளிப்படை. ஆனால், அறையில் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் ஏற்கெனவே சொல்லிவைத்தபடி ஒரே பிழையான விடையைச் சொன்னார்கள். அந்த ஒருவர் சராசரியாக மூன்றில் ஒரு தடவைக்குமேல் கண்ணால் கண்டதை விட்டுவிட்டுக் கூட்டத்தோடு போனார். எல்லாருக்கும் முன்னால் சரியாகச் சொல்லும் ஒரேயொருவர் கூட இருந்தபோது, அந்தப் பிழைகள் கால்பங்காகக் குறைந்தன. விடையைத் தனியாக எழுதித் தந்தபோதும் பெரிதும் குறைந்தன.

இந்த இரண்டையும் கூட்டத்தில் பயன்படுத்தலாம். பேச்சுத் தொடங்குமுன் ஒரே அளவுத் துண்டுத்தாளும் ஒரே நிறப் பேனையும் கொடுங்கள். பெயர் இல்லாமல் எழுத மூன்று நிமிடம். தமிழோ சிங்களமோ ஆங்கிலமோ, வசதியான மொழியில் எழுதட்டும். ஒருவர் தாள்களைக் கலக்கி எல்லாவற்றையும் உரக்க வாசித்த பிறகே கலந்துரையாடல். மூத்தவரும் தலைவரும் கடைசியில் பேசவேண்டும். அவர்கள் வாய் திறந்த பிறகு மற்றவர்களின் கருத்து அந்தப் பக்கமே சாயும். எட்டுப் பேர் கூடும் கூட்டத்தில் கையெழுத்தே ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்பதால், விடைகளை அச்சிட்டு விருப்பமானதை வட்டமிடவைக்கும் தாள் நல்லது. ஒரு தாளைத் தூக்கிப் பிடித்து, "இதை எழுதினது ஆர்?" என்று யாராவது ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும், அடுத்த மாதம் வெறுந்தாள்கள்தான் மிஞ்சும்.

பேச இடம் இருந்தும் சொல் கிடைக்காத நிலையும் உண்டு. குத்துது, உளையுது, எரியுது, விறைக்குது: தமிழில் நோவுக்கு இத்தனை சொல். எரிவும் விறைப்பும் சேர்ந்து வந்தால் வைத்தியர் நரம்பைச் சந்தேகிப்பார். அரைகுறைச் சிங்களத்தில் இவை எல்லாமே 'ரிதெனவா' (நோகுது) என்ற ஒரே சொல்லாகிவிடும்போது, அந்தத் தடயம் அழிந்துபோகிறது. கிளினிக் போகுமுன் நோவுச் சொற்களைத் தமிழில் எழுதி, தெரிந்தவரிடம் சிங்களத்தில் கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது. வடக்கு, கிழக்குக்கு வெளியே அரச அலுவல்கள் பெரும்பாலும் சிங்களத்தில்தான் நடக்கின்றன. என்றாலும், அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொண்டு தமிழிலேயே பதில் பெறும் உரிமையை 22ஆம் உறுப்புரை தருகிறது. கேட்கத் தயங்கவேண்டியதில்லை.

மீண்டும் மேசைக்கு வருவோம். "பயோதானே?" என்பதில் உள்ள 'தானே' விடையையும் சேர்த்தே கொண்டுவருகிறது. கூட்டத்தில் கேட்ட 'சம்மதம்தானே'யும் அப்படித்தான். "எந்தப் பிரிவு எடுக்க யோசிக்கிறாய் பிள்ளை?" என்றால் விடைக்கு இடம் உண்டு. பிறகு காத்திருக்க வேண்டும். அமெரிக்க வகுப்பறைகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடி அளவே பொறுக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று விநாடியாக்கியதும் விடைகள் நீண்டன, கேட்காமலே பேசும் பிள்ளைகள் கூடினார்கள், "தெரியாது" குறைந்தது.

மூன்று விநாடி மேசையில் நீளமாகத்தான் தெரியும். இரண்டாவது விநாடியில் அப்பாவின் வாயில் "டொக்டருக்குப் படிச்சால்..." என்ற வசனம் வந்து நிற்கும். அதை விடாமல், சொதிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு மகளின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "கொமர்ஸ்" என்று பதில் வந்தால், "ஏன் அது பிடிச்சிருக்கு?" என்று கேட்டுவிட்டு இன்னொரு மூன்று விநாடி.