பாடமாக்கியது எங்கே போகிறது?

அக்காவின் மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். விஞ்ஞானக் கொப்பியில் இதயப் பாடத்தை மூன்று நிறத்தில் கோடடித்து, ஐந்தாறு தரம் வாசித்துவிட்டு "எல்லாம் பாடம் மாமா" என்றாள்.

"கொப்பிய மூடிப்போட்டுச் சொல்லு புள்ள, இதயத்தில மேல இருக்கிற வலது சோணையறையில இருந்து இரத்தம் எங்க போகும்?"

முகம் வாடிவிட்டது. அவள் பொய் சொல்லவில்லை, பாடம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

மாலையில் மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தில் நடக்கும்போது எதிரே வருபவரின் முகம் தெரிகிறது, பெயர் மட்டும் வரமாட்டேன் என்கிறது. கண்டதை அடையாளம் பிடிப்பது ஒரு வேலை. கண்முன் இல்லாததை மனத்திலிருந்து எடுப்பது வேறொரு வேலை. திரும்பத் திரும்ப வாசிக்கும்போது முதல் வேலைதான் நடக்கிறது. வரிகள் பழகிப்போய் வாசிப்பு வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, அந்தச் சுலபத்தையே 'தெரியும்' என்று எடுத்துக்கொள்கிறோம். பரீட்சையில் கேட்பதோ இரண்டாவது வேலையை.

அமெரிக்காவின் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதை நேராகவே சோதித்தது. மாணவர்களில் ஒரு பகுதியினர் ஒரு பந்தியை நான்கு சுற்றிலும் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். சராசரியாக 14 தடவை. இன்னொரு பகுதியினர் முதல் சுற்றில் மட்டும் வாசித்தார்கள், மூன்று நான்கு தடவைதான். மற்ற மூன்று சுற்றிலும் பந்தியைப் பார்க்காமல் நினைவில் வந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள் 83 வீதமும் எழுதியவர்கள் 71 வீதமும் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து வாசித்தவர்களிடம் மிஞ்சியது 40 வீதம், எழுதியவர்களிடம் 61. நன்றாக ஞாபகம் இருக்கும் என்று அதிகம் நம்பியவர்களும் வாசித்தவர்கள்தான்! இந்த ஒரு விஷயத்தை ஒவ்வொரு வீட்டுப் படிப்பு மேசையிலும் எழுதி ஒட்ட வேண்டும் என்று நினைப்பேன்.

மறதி எவ்வளவு வேகமானது என்பதை ஜெர்மனியரான எபிங்காஸ் 1885இலேயே அளந்து எழுதிவிட்டார். பொருளே இல்லாத ஏறத்தாழ 2300 அசைகளை உண்டாக்கி, வரிசை வரிசையாகத் தானே பாடமாக்கினார். பிறகு மறுபடி பாடமாக்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று பார்த்தார். 20 நிமிடத்துக்குப் பிறகு 58 வீதம் மிச்சம், ஒரு நாளில் 34 வீதத்துக்கு இறங்கிவிட்டது. ஆனால் ஒரு மாதத்துக்குப் பிறகும் 21 வீதம் இருந்தது. முதல் நாளே பெரும்பகுதி போய்விடுகிறது, அப்புறம் மெல்ல மெல்லத்தான் தேய்கிறது. ஒரே இருப்பில் முடிப்பதைவிட நாட்களைப் பிரித்துப் படிப்பது நிலைக்கும் என்பதையும் அவரே கண்டார்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் கூத்துக் களரிதான் நினைவுக்கு வரும். கூத்தைப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் ஒவ்வொருவருக்கும் அவரவர் பாட்டைப் பிரித்துக் கொடுத்துவிடுவார். அதன் பிறகு மாதக்கணக்கில் இரவுப் பழக்கம். மத்தளம் முழங்க, கையில் கொப்பி இல்லாமல் நின்று பாட வேண்டும். இடையில் நாட்கள் விடுபடும், பாதி மறந்திருக்கும், தடுமாறி எடுப்பார்கள். அந்தத் தடுமாற்றத்தில்தான் நினைவு இறுகுகிறது. முற்றாகச் சிக்கிக்கொண்டால் அண்ணாவியார் முதற்சொல்லை மட்டும் எடுத்துக் கொடுப்பார், பிழையை அங்கேயே திருத்துவார். திருத்தம் முக்கியம், இல்லாவிட்டால் பிழையே பாடமாகிவிடும். இப்படிப் பழகி, எழுத்து வாசனை இல்லாதவர்களும் விடிய விடியப் பாடி ஆடினார்கள்.

இன்னொன்று நித்திரை. புதிதாகப் படித்ததை மூளை உறக்கத்தில் மறுபடி ஓட்டிப் பதிக்கிறது. பரீட்சைக்கு முதல் நாள் விடியும்வரை விழித்திருப்பது அதைக் கெடுத்துவிடும்.

சரி, மருமகளிடம் சொன்னேன்: ஒரு தரம் வாசி, கொப்பியை மூடு, வெறும் தாளில் இதயத்தைக் கீறு, பிறகு திறந்து பார். அடுத்தது நாளைக்கு, அதற்கடுத்தது மூன்று நாள் கழித்து. முதல் நாள் பாதிப் படம் வெறுமையாகவே இருந்தது, அழாக்குறை. நேற்று கீழறையான வலது இதயவறைவரை வந்து நின்றாள். நான் "நுரையீரல்..." என்று வாயெடுத்தேன்.

"சொல்லாதீங்க மாமா, பொறுங்க" என்று கையைக் காட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.