பாலைவனத்தில் பூக்கும் சைக்ளமன் புதுச்சேரியில் ஏன் அழுகுகிறது?

மார்கழி பிறந்தால் போதும், நர்சரிக்கு வருகிறவர்களில் யாராவது சைக்ளமன் என்ற கிழங்கு வகைத் தொட்டிப் பூச்செடியைக் கேட்பார்கள். ரியாத்திலோ குவைத்திலோ இருக்கும் சொந்தக்காரர் அனுப்பிய போட்டோவை போனில் காட்டுவார்கள். "அந்தப் பாலைவனத்துலயே இப்படிப் பூக்குதே, நம்ம ஊர்ல வராதா சார்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். செடித் தொழிலில் இருக்கிறவன் என்ற முறையில், வாங்கும் முன்பே இதற்கான பதில் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பாலைவனம் என்றதும் நமக்கு வெயில்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஜனவரியில் ரியாத், குவைத் பக்கம் ராத்திரி 8, 9 டிகிரிக்கு இறங்கிவிடும். சைக்ளமனுக்கு வேண்டியது அந்த ராத்திரிக் குளிர்தான். அதன் சொந்த ஊர் துருக்கி, சிரியா, லெபனான், சைப்ரஸ் பக்கம். அங்கே குளிர்காலத்தில்தான் மழை. அந்த மழையில் தழைத்துப் பூத்து, கோடையில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு மண்ணுக்குள் கிழங்காக உறங்கும். பகலில் 15 முதல் 20 டிகிரி, ராத்திரியில் 10 டிகிரிக்குச் சற்று மேலே இருந்தால் பூ வாரக்கணக்கில் நிற்கும்.

புதுச்சேரியில் மார்கழி, தை மாதங்களிலும் ராத்திரி வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். பகலில் 28, 29. கூடவே கடல் காற்றின் ஈரப்பதம். குளிர்ந்த இடத்தில் வளர்ந்து இங்கே வந்த செடி, கோடை வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு உறங்கத் தயாராகிறது. இலை மஞ்சளாகும், மொட்டு விரியாமல் காயும்.

பெரும்பாலான செடிகள் சாவது இந்தக் கட்டத்தில்தான். இலை தொங்கியதும் தண்ணீர் இல்லை என்று நினைத்து, தலையோடு ஒரு சொம்பு ஊற்றிவிடுகிறார்கள். மறுநாளும் தொங்கினால் இன்னொரு சொம்பு. ஊற்றுவதற்கு முன் தொட்டியைக் கையில் தூக்கிப் பாருங்கள். எடையே இல்லாமல் லேசாக இருந்தால் தாகம். கனமாக இருந்தும் இலை தொங்கினால் அது வெப்பம், அல்லது அழுகல். அப்புறம் மண்ணுக்கு மேலே தெரியும் கிழங்கை விரலால் மெல்ல அழுத்துங்கள். கல் மாதிரி கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. பொதபொதவென்று அமுங்கி, நாற்றமும் அடித்தால் எந்த மருந்தும் காப்பாற்றாது. பக்கத்துத் தொட்டிகளுக்குப் பரவும் முன் அப்புறப்படுத்திவிடுங்கள்.

தண்ணீரைக் கீழிருந்துதான் கொடுக்க வேண்டும். ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றித் தொட்டியைக் கால் மணி நேரம் வைத்து, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். கடற்கரையோரம் பல வீடுகளில் போர் தண்ணீர் உவர்ப்பு. சைக்ளமனுக்கு உப்பு ஆகாது. மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதைக் கொடுங்கள். வாடிய பூவைக் கத்தரிக்காமல், காம்பை அடியில் பிடித்துத் திருகி இழுத்தால் முழுதாக வந்துவிடும். நறுக்கி விட்ட காம்பில் சாம்பல் பூஞ்சணம் பிடித்து, அது கிழங்குக்கு இறங்கும்.

ஏசி அறையில் வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். வெளிச்சமான ஜன்னல் ஓரமாக இருந்தால் சில நாள் கூடுதலாக நிற்கும். இருட்டு மூலையில் இலைக்காம்பு நீண்டு சாய்ந்துவிடும்.

மலைப்பகுதியிலிருந்து வரும் செடி ஏற்கெனவே விலை கூடியது. இரண்டு மூன்று வாரம் வைத்துப் பார்க்கும் பூச்செண்டு என்ற எண்ணத்தோடு வாங்கினால் ஏமாற்றம் இருக்காது. "வருஷா வருஷம் பூக்கும்" என்று சொல்லி நம் ஊரில் விற்பதை நான் ஏற்கமாட்டேன். உறங்கும் கிழங்கை நிழலில் உலர வைத்துக் காப்பாற்றினாலும், அது மறுபடி பூக்கக் கேட்கும் குளிர் நம்மிடம் இல்லை. நிலையாக மார்கழிப் பூ வேண்டுமென்றால் டிசம்பர் பூ இருக்கிறது, சாமந்தி இருக்கிறது. தொட்டிக்குப் பெட்டூனியா நன்றாக வரும்.

வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் இன்னொன்று கவனிக்க வேண்டும். சைக்ளமன் கிழங்கில் சப்போனின் என்ற நச்சுப்பொருள் உண்டு. கிழங்கைக் கடித்துத் தின்றால் வாந்தி, பேதி வரும். நிறையத் தின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. தொட்டியை எட்டாத உயரத்தில் வையுங்கள். தின்றது தெரிந்தால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். செடியின் ஒரு துண்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.