பே சேனல்: சந்தாத் தொலைக்காட்சியா, கட்டணத் தொலைக்காட்சியா?

"அது பே சேனல் சார், தனியா காசு கட்டணும்." கேபிள்காரர் வாயிலிருந்து இதைக் கேட்காதவர்கள் குறைவு. 2003 செப்டம்பரில் சென்னையில் பே சேனல் பார்க்கச் செட்டாப் பாக்ஸ் வேண்டும் என்ற முறை வந்தபோது இந்தச் சொல் வீட்டுக்கு வீடு புழங்கியது.

'பே' என்பதன் வேர் 'பாகாரே' என்ற இலத்தீன் வினை. அமைதிப்படுத்துதல் என்று பொருள். கடன் கொடுத்தவரைச் சாந்தப்படுத்துவது என்ற கருத்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் வந்து, பணம் செலுத்துவதாக ஆனது.

தமிழில் இரண்டு சொற்கள் போட்டியிடுகின்றன. 'சந்தா' பாரசீகத்திலிருந்து வந்தது. சங்கத்துக்கும் பத்திரிகைக்கும் மனமுவந்து கொடுப்பது. 'கட்டணம்', 'கட்டு' என்ற வினையடியில் பிறந்தது: வரி கட்டு, பணம் கட்டு. கட்டினால்தான் கதவு திறக்கும் என்ற நிலையை இதுவே நேராகச் சொல்வதால், 'கட்டணத் தொலைக்காட்சி' என்பதே என் தேர்வு.

எதிர்ச்சொல்லில்தான் சிக்கல். 'ஃப்ரீ டு ஏர்' என்பதை 'இலவச ஒளிபரப்பு' என்கிறோம். பிரிட்டனில் பிபிசிக்காக வீடுதோறும் ஆண்டு உரிமக் கட்டணம் செலுத்துகிறார்கள். அது எப்படி இலவசம்? 'திறந்த ஒளிபரப்பு' என்றால் பொருந்தும்.

'பிராட்காஸ்ட்' என்ற சொல் முதலில் விதையைக் கையால் வீசித் தூவுவதைக் குறித்தது. நம் 'பரப்பு' அதற்கு அழகாக ஈடுகொடுக்கிறது. தூவிய விதை, கேட்காத நிலத்திலும் விழும். ஞாயிறு மதியம் வேறு எதற்கோ டிவி போட்ட சிறுவன் கார்ப் பந்தயத்தில் சிக்கிக்கொள்வது அப்படித்தான். கட்டணத் தொலைக்காட்சிக்குப் பணம் கட்டுபவரோ ஏற்கெனவே ரசிகர். பழைய ரசிகர் தங்குவார். தற்செயலாக ஒருவர் ரசிகராவது அரிதாகிவிடும்.

பிரிட்டனில் ஃபார்முலா 1 கார்ப் பந்தயம் நெடுங்காலம் திறந்த ஒளிபரப்பில் இருந்தது. 2008இல் பிரிட்டன் ஓட்டுநர் லூயிஸ் ஹாமில்டன் முதல் உலகப் பட்டம் வென்ற பிரேசில் பந்தயத்தை, உச்ச நேரத்தில் சுமார் 1 கோடியே 30 லட்சம் பேர் ஐடிவி என்ற திறந்த சேனலில் பார்த்தார்கள். 2012இல் ஸ்கை என்ற கட்டணத் தொலைக்காட்சி எல்லாப் பந்தயங்களையும் நேரலையாகத் தர, பிபிசிக்குப் பாதிதான் மிஞ்சியது. 2019 முதல் உள்ளூர்ப் பந்தயம் தவிர மற்ற நேரலை முழுவதும் ஸ்கையிடம். 2021 அபுதாபியில் ஹாமில்டனும் நெதர்லாந்து ஓட்டுநர் வெர்ஸ்டாப்பனும் சமப் புள்ளிகளோடு இறுதிப் பந்தயத்துக்கு வந்தபோது, ஸ்கை அதைச் சேனல் 4 என்ற திறந்த சேனலுடன் பகிர்ந்தது. அன்று மட்டும் கதவு திறந்தது. 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள்.

ஜெர்மனியில் 30 ஆண்டுகள் ஒளிபரப்பிய ஆர்டிஎல் என்ற திறந்த சேனல் 2020உடன் விலக, 2021இல் ஒளிபரப்பு உரிமை ஸ்கைக்குப் போனது. அங்கே ஆர்வம் குறைந்ததற்கு இதை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஷூமாக்கர், வெட்டல் போல வெல்லும் ஜெர்மானியரும் இல்லாமல் போனார். கட்டண நிறுவனங்கள் தரும் பெருந்தொகையில் பந்தய அணிகளுக்கும் பங்கு போகிறது. பயிற்சிச் சுற்று உட்பட எல்லாம் நேரலையாக வருகிறது. ஆனால் விளம்பரதாரர் எண்ணுவது கண்களை அல்லவா?

நமக்கும் இது நேர்ந்தது. 2005 மார்ச்சில் கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் மெல்போர்னில் ஜோர்டான் அணியின் காரில் ஏறி, ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியரானார். பந்தயம் வந்தது பே சேனலில். செட்டாப் பாக்ஸ் வாங்காத சென்னை வீடுகளில் அவர் தெரியவில்லை.