ஒரு பொருளுக்கு இரண்டு சொல்: திரைப்பட உரையாடல் வழியே ஆங்கிலம்

1964இல் வெளியான ‘மை ஃபேர் லேடி’ திரைப்படத்தில் ஆஸ்காட் குதிரைப் பந்தயக் காட்சி ஒன்று உண்டு. லண்டன் தெருவில் பூ விற்ற எலைசாவுக்கு மேட்டுக்குடி உச்சரிப்பைப் பழக்கிய ஒலியியல் பேராசிரியர் ஹிக்கின்ஸ், வானிலையையும் உடல்நலத்தையும் தவிர வேறெதையும் பேசக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு அவளைச் சீமாட்டிகளின் நடுவே கொண்டுவந்து விடுகிறார். எலைசாவும் அதை மீறாமல் உடல்நலத்தைப் பற்றித்தான் பேசுகிறாள். தன் அத்தை இன்ஃப்ளூயன்சாவில் இறந்ததாக ஊரார் சொன்னாலும், அவளை யாரோ ‘டன் ஹர் இன்’ செய்துவிட்டார்கள் என்பதே தன் எண்ணம் என்கிறாள். ‘கில்’ என்பதற்குத் தெருவில் வழங்கும் சொல் அது. கேட்டவர்கள் திகைக்க, அது புதிதாக வந்திருக்கும் நாகரிகப் பேச்சு என்று பேராசிரியர் சமாளிக்கிறார். ஒலிப்பு பழுதற்றதாக இருந்தும், சொல் அந்த அவைக்கு உரியதாக இல்லை.

ஆங்கிலம் கற்கும் நம்மில் பலர் இதே இடறலை இரு திசையிலும் சந்திக்கிறோம். பாடநூலில் படித்த ‘பர்ச்சேஸ்’, ‘கமென்ஸ்’ போன்ற சொற்களை நண்பரிடம் பேசும்போது பயன்படுத்துகிறோம். வேலை கேட்டு எழுதும் மின்னஞ்சலிலோ ‘ஹாய் கைஸ்’ என்று தொடங்குகிறோம். இரண்டிலும் இலக்கணப் பிழை கிடையாது, ஆனால் இடம் பிழைத்துவிடுகிறது.

இந்த இரட்டை அடுக்கு உருவானதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1066இல் பிரெஞ்சு பேசிய நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் அரசவையிலும் நீதிமன்றத்திலும் நெடுங்காலம் பிரெஞ்சு கோலோச்சியது. கல்வியும் சமயமும் லத்தீனைச் சார்ந்திருந்தன. வீட்டிலும் வயலிலும் பழைய ஆங்கிலச் சொற்களே புழங்கின. அதனால்தான் இன்றும் ‘பை’ வீட்டுச் சொல்லாகவும் ‘பர்ச்சேஸ்’ அலுவலகச் சொல்லாகவும், ‘புட் ஆஃப்’ பேச்சாகவும் ‘போஸ்ட்போன்’ எழுத்தாகவும் ஒலிக்கின்றன. இதை மாறாத விதியாகக் கொள்ள முடியாது. ‘வெரி’யும் ‘ப்ளீஸ்’உம்கூடப் பிரெஞ்சிலிருந்து வந்தவைதான்.

தமிழருக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. ‘கதவைச் சாத்து’, ‘சாத்துங்கள்’, ‘கொஞ்சம் சாத்துங்களேன்’ என்று மரியாதையை நாம் வினைச்சொல்லின் விகுதியிலேயே ஏற்றிவிடுகிறோம். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே ‘யூ’ என்பதால், அந்த வேலையைச் சொல்தேர்வும் வாக்கிய அமைப்பும் செய்ய வேண்டியிருக்கிறது. ‘ஷட் த டோர்’ என்பது தம்பியிடம் சொல்வது. ‘வுட் யூ மைண்ட் க்ளோசிங் த டோர்’ என்பது அறிமுகமில்லாதவரிடம் கேட்பது. விகுதியைத் தேடிப் பழகிய நம் காது இந்த வேறுபாட்டை எளிதில் தவறவிடுகிறது.

திரைப்படம் உதவுவது இங்கேதான். அகராதி ஒரு சொல்லின் பக்கத்தில் ‘பேச்சு வழக்கு’ என்று சிறு குறிப்பிட்டு நின்றுவிடும். திரையில் யார் யாரிடம் பேசுகிறார், எவ்வளவு தள்ளி நிற்கிறார், கேட்டவர் முகம் சுருங்கியதா மலர்ந்ததா என்பதெல்லாம் சொல்லோடு சேர்ந்தே வருகின்றன. சொல்லாகவும் படிமமாகவும் பதிந்த செய்தியை நினைவிலிருந்து மீட்பதற்கு இரண்டு வழிகள் உண்டு என்று உளவியலாளர் ஆலன் பைவியோ விளக்கினார். ஆஸ்காட் காட்சியைப் பார்த்தவருக்கு ‘டூ இன்’ மறக்காமலிருப்பதற்கு, அதைக் கேட்ட சீமாட்டிகளின் திகைப்பும் ஒரு காரணம்.

தேவைப்படும் சொல்வளம் நாம் அஞ்சும் அளவுக்குப் பெரிதல்ல. ஸ்டூவர்ட் வெப், மைக்கேல் ராட்ஜர்ஸ் இருவரும் 318 திரைப்படங்களின் உரையாடல்களை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட கட்டுரையின்படி, மிகுதியாக வழங்கும் 3,000 சொற்குடும்பங்களோடு ஆள், ஊர்ப் பெயர்கள் போன்றவையும் தெரிந்தால் ஏறத்தாழ 95 விழுக்காடு சொற்கள் பிடிபட்டுவிடும். ஒரு வேர்ச்சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்ததே ஒரு சொற்குடும்பம்.

திரையின் அடியில் ஓடும் வசனவரி (சப்டைட்டில்) எந்த மொழியில் இருக்கிறது என்பதும் முக்கியம். அதே 2009இல் மிட்டரர், மெக்வீன் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், டச்சு மொழியினருக்கு ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலிய ஒலிப்பு கொண்ட காட்சிகளைக் காட்டிச் சோதித்தார்கள். ஆங்கில வசனவரியோடு பார்த்தவர்களின் காது அந்தப் புதிய ஒலிப்புக்குப் பழகியது. தாய்மொழி வசனவரியோ அதற்கு உதவவில்லை. கதையை ரசிக்கத் தமிழ் வசனவரி போதும், மொழியைக் கற்க ஆங்கில வசனவரியே வேண்டும் என்பது என் துணிபு.

எச்சரிக்கை ஒன்றும் சொல்ல வேண்டும். திரை உரையாடல் எழுதிச் செதுக்கப்பட்டது. இயல்பான பேச்சில் இருக்கும் தயக்கமும் திக்கலும் அதில் குறைவு. குற்றப் படங்களின் வசவுகளை அன்றாட ஆங்கிலம் என்று எண்ணிக் கற்றால் பழியும் வந்து சேரும்.

பயிற்சிக்கு நீதிமன்றப் படங்களே மிகவும் ஏற்றவை என்பேன், ஏனெனில் அங்கே ஒரே ஆள் இரண்டு மொழி பேசுகிறார். சாட்சிக் கூண்டில் ‘வி அப்ரிஹெண்டட் த சஸ்பெக்ட்’ என்று சொல்லக்கூடிய காவலர், வெளியே நடைக்கூடத்தில் சக காவலரிடம் ‘வி காட் ஹிம்’ என்றுதான் சொல்வார். இரண்டு நிமிடக் காட்சி ஒன்றை முதலில் வசனவரி இல்லாமலும் பிறகு ஆங்கில வசனவரியோடும் பார்த்துவிட்டு, படத்தை நிறுத்தி, கூண்டில் சொன்னதை நடைக்கூடத்துக்கும் நடைக்கூடத்தில் சொன்னதைக் கூண்டுக்கும் வாய்விட்டு மாற்றிச் சொல்லிப் பாருங்கள்.