"எனக்கெல்லாம் எப்படி வரும்?"

பால்வினை நோய் பற்றிப் பேச்சு எடுத்தால் பல ஆண்கள் தங்கள் உடம்பைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். எரிச்சல் இல்லை, புண் இல்லை, ஆகவே நோயும் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் இந்தச் சாட்சியை நம்ப முடியாது. கிளமிடியா தொற்றிய ஆண்களில் பலருக்கு அறிகுறியே தெரியாது. கொனோரியா சிறுநீர்ப் பாதையில் வந்தால் பொதுவாகச் சீழும் எரிச்சலும் காட்டிக்கொடுத்துவிடும். தொண்டையில் வந்தால் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. சிபிலிஸின் முதல் புண் பொதுவாக வலிக்காது, மருந்து போடாமலே 3 முதல் 6 வாரங்களில் ஆறியும் விடும். "சரி, போய்விட்டது" என்று புண் வந்தவர் நிம்மதியாகிறார். கிருமியோ உள்ளேயே இருக்கிறது.

உடம்பு எச்சரிக்காதபோது மனம் வேறு அளவுகோலைத் தேடுகிறது. 1980இல் அமெரிக்க உளவியலாளர் நீல் வைன்ஸ்டீன் கல்லூரி மாணவர்களிடம் ஒன்று கேட்டார்: கெட்ட விஷயங்கள் உங்களுக்கு நேரும் வாய்ப்பு, சக மாணவர்களைவிட அதிகமா, குறைவா? மொத்தமாகப் பார்த்தால், தங்களுக்குக் குறைவு என்றே அவர்கள் நினைத்திருந்தார்கள். எல்லோருக்குமே மற்றவர்களைவிடக் குறைவாக இருக்க முடியாது அல்லவா? இப்படிப்பட்ட நோய் வருகிறவர் இன்ன மாதிரி ஆள் என்று மனதில் ஒரு உருவம் இருக்கிறது: கட்டுப்பாடில்லாதவர், சுத்தமில்லாதவர். அந்த உருவத்தோடு தன்னை ஒப்பிடுகிறவருக்குத் தான் பாதுகாப்பாகத்தான் தெரிவார். துணையையும் இதே கண்ணோடுதான் பார்க்கிறார். நாலு நாள் பழகினால் 'தெரிந்தவர்' ஆகிவிடுகிறார், ஆணுறை அலமாரியிலேயே தங்கிவிடுகிறது. அந்தத் துணைக்கே தன் தொற்று தெரியாமல் இருக்கலாம் என்பது யோசனைக்கு வருவதில்லை. பழக்கத்தை நம்புவது இயல்புதான்; கிருமிக்குத்தான் அது பொருட்டில்லை.

இதைவிட ஏமாற்றுவது, முன்பு தப்பித்த அனுபவம். ஒவ்வொரு உடலுறவிலும் நோய் தொற்றிவிடுவதில்லை. கணக்குக்காக, ஒரு முறைக்கு 10 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். பத்து முறை சேர்ந்தால் ஒரு முறையாவது தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 65 சதவீதம். ஆனால் மூன்று முறை தப்பித்தவர், தனக்கு வராது என்பதற்கு அதையே ஆதாரமாக்கிக்கொள்கிறார்.

அப்புறம் வெட்கம். பரிசோதனைக்குப் போனால் அந்த 'மாதிரி ஆள்' தானே என்று ஒப்புக்கொள்வதுபோல் தோன்றுகிறது. பலர் பரிசோதனையைத் தள்ளிப்போட இதுவே முக்கியக் காரணம் என்று நான் நினைக்கிறேன். போகிறவர்களிலும் சிலர் அவசரப்படுகிறார்கள். எச்ஐவிக்கான ஆன்டிஜென்–ஆன்டிபாடி சோதனை, கிருமியின் கூறையும் அதற்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளையும் ரத்தத்தில் தேடுகிறது. கையின் ரத்தக்குழாயில் ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் இதைச் செய்தாலும், உறவுக்குப் பின் தொற்று தெரியவே பொதுவாக 18 முதல் 45 நாட்கள் ஆகும். மறுநாளே சோதித்து 'இல்லை' என்று வந்தால், நேற்றைய உறவைப் பற்றி அந்த முடிவு எதுவும் சொல்லவில்லை.