டேக் போட்டாச்சு, பெப்டைடு எங்கே?

ஐப்பசி மழையில் கடலூரிலிருந்து பஸ் பிடித்து, மடியில் தெர்மாகோல் பெட்டியோடு புதுச்சேரிக்கு வந்தார் ஒரு ஆராய்ச்சி மாணவி. சிஸ்டைன் என்ற கந்தகமுள்ள அமினோ அமிலம் இருக்கும் பெப்டைடுகளை (புரதத் துண்டுகளை) டேக் போட்டுப் பிரித்தெடுக்க மூன்று முறை முயன்றும், மூலக்கூறின் எடை பார்க்கும் மாஸ் ஸ்பெக்கில் ஒன்றும் தேறவில்லை. "மெஷின்ல கோளாறா சார்?"

"அதை விடும்மா. டிடிடி எவ்வளவு போட்டீங்க?" என்றேன். புரதத்தின் கந்தகப் பிணைப்புகளைத் திறந்துவிடும் வேதிப்பொருள் அது.

புரதத்தில் நூறு அமினோ அமிலம் இருந்தால் சிஸ்டைன் சராசரியாக இரண்டு சொச்சம்தான். அந்தக் குறைவுதான் நமக்கு வசதி. ட்ரிப்சின் என்சைம் வெட்டிக் குவிக்கும் பெப்டைடுக் கும்பலில் சிஸ்டைன் உள்ளதை மட்டும் எடுத்தால் வேலை வெகுவாகக் குறையும். 1999-இல் ஏபர்சோல்டு குழு வெளியிட்ட ஐகேட் முறை இதைத்தான் செய்தது. டேக் என்பது ஒட்டிக்கொள்ளும் அடையாள மூலக்கூறு. அதன் ஒரு முனை சிஸ்டைனின் கந்தகத்தைப் பிடிக்கும். மறுமுனையில் உள்ள பயோட்டின், அவிடின் புரதம் பூசிய பீட்ஸில் (குட்டி மணிகளில்) ஒட்டும். ஒப்பிடும் இரண்டு சாம்பிளில், டேகின் நடுத்தண்டில் ஒன்றுக்கு 8 ஹைட்ரஜன், இன்னொன்றுக்கு 8 டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்). ஒரு சிஸ்டைன் உள்ள ஒரே பெப்டைடு 8 டால்டன் எடை இடைவெளியில் ஜோடியாகத் தெரியும். (அவிடின் முட்டை வெள்ளைக்கருவில் இருப்பது. பச்சை முட்டையே கதி என்று குடிப்பவர்களுக்குப் பயோட்டின் குறைவதும் இந்தப் பிடியால்தான்.)

மாணவியின் பஃபரில் டிடிடி 10 மில்லிமோலார், டேக் 2. டிடிடி ஒவ்வொன்றிலும் இரண்டு தயால் (சிஸ்டைனில் இருக்கும் அதே கந்தகக் குழு). டேகுக்குப் புரதம் எது, டிடிடி எது என்று தெரியாது. எல்லாம் டிடிடிக்கே போய்விட்டது. அதே வேலையைச் செய்யும், தயால் இல்லாத டிசெப்பை அளவோடு போட்டிருக்கலாம்.

இன்னொரு பள்ளம், மிச்ச டேக். அதை நீக்காமல் பீட்ஸில் ஊற்றினால் பெப்டைடுக்கு முன் அதுவே இடத்தை அடைத்துக்கொள்ளும். ஐகேட்டில் இதற்காகவே முதலில் கேட்டயான் எக்ஸ்சேஞ்ச், அதாவது மின்னூட்டத்தை வைத்துப் பிரிப்பது. பிடி பலமாக இருக்கட்டும் என்று அவிடினைப் போன்ற ஸ்ட்ரெப்டவிடினுக்குப் போகிறவர்களும் உண்டு. ஒட்டும், ஆனால் திரும்பக் கழற்றுவது பெரும்பாடு. பிடி தளர்வான மோனோமெரிக் (ஒற்றை அலகு) அவிடின் போதும்.

சிஸ்டைனுக்குப் பதில் அமீனை (நைட்ரஜன் குழுவை) பிடிக்கும் என்ஹெச்எஸ் வகை டேக் என்றால் நம் கடற்கரை ஈரமே எதிரி. பிஹெச் 8.6-இல், 4 டிகிரியிலேயே 10 நிமிடத்தில் பாதி தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த குப்பியை ஜில்லென்று இருக்கும்போதே திறந்தால் உள்ளே வியர்த்துவிடும். அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியைத் தொடாதீர்கள்.

மாணவி அடுத்த வாரம் வந்தார். டிடிடி இல்லை, பஃபர் மட்டும் டிரிஸ். சிஸ்டைன் டேகுக்குப் பரவாயில்லை என்று விட்டேன். டிரிஸிலும் அமீன் இருக்கிறதே; என்ஹெச்எஸ் டேகாக இருந்தால் அப்படியே திருப்பி அனுப்பியிருப்பேன்.